மேலிருந்து வந்த தண்ணீர்

வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. முதல் பக்கத்தில் தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், நடுவில் இருப்பதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். நான் அப்படி இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் ஒப்பந்தங்களைப் படிப்பதுதான் எனக்கு வேலை. நடுக்கடலில் சரக்கு கெட்டுப்போனால் அது யார் தலையில் விடியும் என்று பார்த்துச் சொல்லத்தான் சம்பளம் தருகிறார்கள். அதே பழக்கத்தில் என் வீட்டுப் பாலிசியையும் வருஷா வருஷம் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பென்சிலோடு உட்கார்ந்து படிப்பேன். அக்கா எனக்கு வைத்த பட்டப்பெயரே 'பாலிசி'தான்.

"பாலிசி தூங்குதா, படிக்குதா?" என்று என் மனைவியிடம் போனில் கேட்பாள். அக்கா ஒரு பெரிய ஹோட்டலில் ரொம்ப காலம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாக்கு கொஞ்சம் நீளம். ஆனால் மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

நீங்கள் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் பாலிசி புரியாமல் அந்த நாள் உங்களுக்குப் புரியாது. புரியாமல் எழுதினால் நான் ஏதோ கல்நெஞ்சக்காரன் என்று எழுதிவிடுவீர்கள். அவசரப்படாமல் கேளுங்கள்.

எங்கள் வீடு கடலிலிருந்து மூன்றாவது தெரு. மாடி கிடையாது. மரச்சட்டத்தின் மேல் ஓடு. முன்னால் ஹால், பின்னால் சமையலறை, பக்கத்துக்கு ஓர் அறை. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கட்டிய வீடு என்று எல்லோரும்தான் சொல்வார்கள், நான் நிஜமாகவே அப்படிக் கட்டினேன். கடன் கொடுத்த வங்கி, இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு செங்கல்லுக்குக்கூடப் பணம் தராது. முதல் வருஷம் பிரீமியம் என்று பெயருக்கு ஒரு தொகை. அப்புறம் ஒவ்வொரு புயலுக்கும் ஏற்றினார்கள். எங்கள் தெருவுக்கு வராத புயலுக்கும் ஏற்றினார்கள். எங்கோ எவனோ வீட்டில் ஓடு பறந்தால் என் பாக்கெட்டில் கை விடுவார்கள். ஏன் என்று கேட்டால், "சார், கடலோரம் எல்லாமே ஒரே கணக்கு" என்பான் ஏஜென்ட். இரண்டு கம்பெனிகள் இந்தப் பக்கமே வேண்டாம் என்று கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. மிச்சமிருந்த ஒன்றிடம் நாங்கள் எல்லோரும் போய் நின்றோம். அது கேட்டதைக் கொடுத்தோம்.

அடுத்து, கழிவு. சாதாரணச் சேதம் என்றால் முதல் கொஞ்சத்தை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும், மீதியைக் கம்பெனி தரும். புயலுக்கு அது கிடையாது. புயலுக்கு என்று தனிக் கழிவு. வீட்டு மதிப்பில் இத்தனை பங்கு என்று கணக்கு. அதாவது நாலு ஓடு பறந்தால், ஜன்னல் உடைந்தால், கம்பெனி ஒரு காசு தராது. வீடே போனால்தான் அவர்கள் பணப்பையைத் திறப்பார்கள். வருஷம் முழுக்கக் கட்டுகிறவனுக்கு வீடு மொத்தமாகப் போனால்தான் லாபம் என்றால், அவன் மனசு எந்தப் பக்கம் போகும் என்று யாராவது யோசித்தார்களா? நான் யோசித்திருக்கிறேன்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். வீட்டுப் பாலிசி காற்றுக்குத்தான் பொறுப்பு. வெள்ளத்துக்குப் பொறுப்பில்லை. காற்று கூரையைப் பிய்த்து, அந்தத் துளை வழியாக மழை உள்ளே விழுந்து, கட்டில் பீரோ எல்லாம் நனைந்தால் பணம் உண்டு. அதே தண்ணீர் தெருவில் ஓடி, வாசல் வழியாக உள்ளே வந்து, அதே கட்டிலை நனைத்தால் பணம் இல்லை. நனைந்த கட்டில் ஒன்றுதான். தண்ணீர் மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்பதில்தான் ஒருவன் பிழைப்பதும் நடுத்தெருவுக்கு வருவதும் இருக்கிறது. வெள்ளத்துக்குத் தனியாக இன்னொரு பாலிசி வாங்கலாம். நானும் வாங்கி வைத்திருந்தேன். போன வருஷம் காற்றுப் பாலிசிக்கு ஒரேயடியாக ஏற்றியபோது இரண்டையும் கட்ட முடியவில்லை. வெள்ளத்தை விட்டேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்ததே கிடையாது.

பிரீமியத்தைக் குறைக்க ஒரு வழி இருந்தது. வீட்டின் எல்லாத் திறப்புகளுக்கும், அதாவது ஒவ்வொரு ஜன்னலுக்கும் கதவுக்கும், புயல் தகடு போட்டால் தள்ளுபடி. அலுமினியத் தகடுகள். சுவரில் பதித்த போல்ட்டில் வெளியிலிருந்து மாட்டி, நட்டு போட்டு முடுக்க வேண்டும். உள்ளே இருந்து மாட்டுகிற மாதிரியும் வருகிறது, ஆனால் விலை இரண்டு மடங்கு. நான் வெளியிலிருந்து மாட்டுவதைத்தான் வாங்கினேன். எல்லோரும் அதைத்தான் வாங்குவார்கள். புயல் வரும்போது தகட்டை மாட்டிவிட்டு மனிதர்கள் வெளியே போய்விடுவார்கள் என்பது அதைச் செய்தவனின் எண்ணம்.

தள்ளுபடிக்கு நிபந்தனை உண்டு. ஒரு திறப்பைக்கூட விடக்கூடாது. ஒன்றை விட்டு, அது வழியாகக் காற்று புகுந்து கூரையைத் தூக்கினால், நீ சரியாக மூடவில்லை என்று கையை விரித்துவிடுவார்கள். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி பாலத்துக்கு அந்தப் பக்கம், ஊருக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை நேரம் தாறுமாறாக இருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபிளாட்டுக்கு வாடகைக்குப் போனோம். கடலோர வீடு காலி. அப்போதுதான் பாலிசியில் அந்த இன்னொரு வரி எனக்குத் தலைவலியானது. தொடர்ந்து முப்பது நாள் ஆள் குடியில்லாமல் இருந்தால் அந்த வீட்டுக்குக் கம்பெனி பொறுப்பில்லை.

இது சும்மா பயமுறுத்த எழுதியது என்று நினைக்காதீர்கள். எதிர்வீட்டுத் தையற்காரர், மகளின் பிரசவத்துக்காக அவள் ஊருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். திரும்பி வந்தபோது பின்பக்கக் கூரை இறங்கியிருந்தது. வீட்டில் ஆள் இல்லை என்று கம்பெனி ஒரே வரியில் முடித்துவிட்டது. மனுஷன் எங்கள் ஹாலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "ஒரு தடவை படிச்சிருக்கலாமேண்ணே" என்றேன். அவர் அதற்கப்புறம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. தப்பு என்னுடையதா?

அந்தச் சமயத்தில்தான் அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தாள். நான் போய், "அக்கா, நம்ம வீட்ல வந்து இரு" என்றேன். அவள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். "என்னடா திடீர்னு பாசம்?" என்று சிரித்தாள். ஆள் இருக்க வேண்டும் என்ற வரியை நான் அவளிடம் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். சொன்னேன். பென்சிலால் கோடு போட்டதைக் காட்டினேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. தெரு முழுக்க, "என் தம்பி எனக்குன்னு ஒரு வீட்டையே விட்டுக் குடுத்திருக்கான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் திருத்தவில்லை. சந்தோஷமாக இருந்தாள். கதவுகளுக்கெல்லாம் நீலத்தில் திரைச்சீலை தைக்கக் கொடுத்தாள், அந்தத் தையற்காரரிடமே.

இந்த வருஷம் அவளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. ஆஸ்பத்திரியிலும், பிறகு எங்கள் ஃபிளாட்டிலுமாக ஒரு மாதத்தை நெருங்கிவிட்டது. இன்னும் இரண்டு வாரம் போகட்டும் என்றார் டாக்டர். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புயல் காலம் தொடங்கியிருந்தது. காலண்டரையே பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் இருக்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவைக் காரில் ஏற்றினேன்.

என் மனைவி வாசலில் வந்து மறித்தாள். "அண்ணிக்கு வாக்கர் இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க முடியல. இப்பப் போய் தனியா விடணுமா? உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?"

அக்காதான் காருக்குள்ளிருந்து பதில் சொன்னாள். "விடும்மா. வீட்டுக்கு ஆள் வேணுமாம். நான் என்ன, ஆள் இல்லையா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. நான் வண்டியைக் கிளப்பினேன்.

அவள் போய் நான்கைந்து நாளில் புயல் எச்சரிக்கை வந்தது. நான் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே தகடுகளை மாட்டப் போனேன். வானம் மூடியிருந்தது, ஆனால் காற்று இன்னும் வேகம் பிடிக்கவில்லை. நான் ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டு வர, அக்கா உள்ளே அந்தந்த அறை விளக்கைப் போட்டுக்கொண்டே வந்தாள். "என்னைப் பொட்டியில வச்சு அனுப்பப் போறியா? எந்த நாட்டுக்குடா?" என்று உள்ளே இருந்து கத்தினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. முன்வாசலையும் மூடினேன். சமையலறைக் கதவு ஒன்றுதான் மிச்சம்.

தெருக்கோடியில் ஒலிபெருக்கி கேட்டது. நகராட்சிப் பேருந்து, தாழ்வான பகுதியில் இருப்பவர்களை முகாமுக்கு ஏற்றிப்போக வந்திருந்தது. வீட்டை விட்டு வெளியேறுமாறு கேட்டுக்கொள்கிறோம், கேட்டுக்கொள்கிறோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அரசாங்கம் உத்தரவு போட்டு வெளியேறினால் வீடு காலி என்று கணக்கில் வராது, பாலிசியில் அப்படி ஒரு வரி இருக்கிறது, அது எனக்குத் தெரியாமல் இல்லை. பின்னால் சேதம் பார்க்க வந்த கம்பெனி சர்வேயர் ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அதை எனக்குக் காட்டினாள். அம்மா தாயே, உத்தரவு என்றல்லவா அதில் இருக்கிறது? அவர்கள் கேட்டுக்கொள்கிறோம் என்றுதான் சொன்னார்கள். கேட்டுக்கொண்டதற்காகப் போனால் அது நாமாகப் போனது. இதே மாதிரி ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சரக்குக் கப்பல் விவகாரங்களில் எத்தனை பேரைக் கம்பெனிக்காரர்கள் கழுத்தறுத்திருக்கிறார்கள் என்று நான் பார்த்தவன். ஏறக்குறைய ஒரு மாதம் காலியாக இருந்த வீடு. வந்து ஒரு வாரம்கூட ஆகாத அக்கா. அவளும் பேருந்தில் ஏறிப்போய்விட்டால், இவள் இங்கே குடியிருந்தாள் என்று எதை வைத்துச் சொல்வது? அந்த நிமிஷத்தில் நான் யோசித்தது இவ்வளவுதான்.

நான் சமையலறைக்குள் போனேன். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாக்கரைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"பஸ் வந்துருச்சு போல. என்னைக் கொண்டுபோய் ஏத்தி விடு."

"நீ எதுக்கு அங்க போய்ப் பாய்ல படுத்துக்கிட்டு? முழங்காலை வச்சுக்கிட்டுக் கக்கூஸ் போக வர என்ன பண்ணுவே? வீடு பத்திரமாத்தான் இருக்கு."

"அப்ப நீயும் இரேன்டா."

"அவ ஆஸ்பத்திரியிலேருந்து தனியா வருவா. பாலத்தை மூடிருவாங்க. காத்து அடங்கினதும் வந்து முதல் ஆளா உன்னைத் திறந்து விடுறேன்."

அவள் திறந்திருந்த கதவைப் பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. "கதவையுமா மூடணும்?" என்று கேட்டாள். எல்லாத் திறப்பையும் மூடினால்தான் செல்லும் என்றேன். கைப்பையைத் தோளிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். "சரி, சீக்கிரம் மூடு, கொசு வருது" என்றாள்.

நான் வெளியே வந்து கடைசித் தகட்டை மாட்டினேன். நட்டுகளை முடுக்கிக்கொண்டிருக்கும்போது தையற்காரர் குடையோடு சந்துக்குள் வந்தார். பின்னாலேயே ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு தொண்டர்.

"அக்கா எங்க? பஸ் கிளம்பப் போகுது."

"நேத்தே ஃபிளாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேண்ணே."

"நல்லதாப் போச்சு" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். தொண்டர் தகடுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுவரில் சாக்பீஸால் ஒரு குறி போட்டார். ஆள் இல்லை என்பதற்கான குறி. வெளியிலிருந்து இப்படி அடைத்த வீட்டில் ஆள் இருக்கும் என்று எவனுக்கும் தோன்றாது. உள்ளே அக்கா ரேடியோவைப் போட்டிருந்தாள், ஆனால் அதற்குள் காற்றுச் சத்தம் அதிகமாகிவிட்டிருந்தது. அவர்கள் போனதும் ஈரத்துணியை எடுத்து அந்தக் குறியைத் துடைத்தேன். வீட்டில் ஆள் இருக்கும்போது ஆள் இல்லை என்று சுவரில் இருப்பது சரியில்லை.

பாலம் தாண்டி ஃபிளாட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி முதலில் கேட்டது அவளைத்தான். "அண்ணியை ஏன் கூட்டிட்டு வரல?" முகாமுக்குப் பஸ் ஏற்றிவிட்டேன் என்றேன். "அங்க எப்படிச் சமாளிப்பாங்க? இங்கேயே கொண்டு வந்திருக்கலாமில்ல?" என்று முணுமுணுத்துக்கொண்டே சோறு போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் அடித்தது. அழைப்புகளின் விவரத்தை நீங்கள் போன் கம்பெனியிலிருந்து வாங்கிவிட்டீர்கள், முதல் அழைப்பு எத்தனை நிமிஷம் என்று உங்களுக்குத் தெரியும். என்ன பேசினோம் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அதனால் சொல்கிறேன். வராந்தாவுக்குப் போய் எடுத்தேன்.

"தம்பி, வீட்டுக்குள்ள தண்ணி வருதுடா."

பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"எங்கேருந்து?"

"ஹாலு பூரா வந்துருச்சு. கணுக்காலுக்கு மேல இருக்கு. கரண்ட் போயிருச்சு. ஒண்ணும் தெரியல."

"எங்கேருந்து வருதுன்னு கேட்டேன். மேலேருந்தா, கீழேருந்தா?"

"கீழேருந்துதான். கதவுக்கு அடியில பீறிக்கிட்டு வருது. கடல் தண்ணிடா, உப்புக் கரிக்குது."

நான் இவ்வளவு நேரம் பாலிசியை ஏன் விளக்கினேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். அந்த ஒரு பதிலில் வீடு போய்விட்டது. கட்டிய பணம், வங்கிக் கடன், விட்டுவிட்ட வெள்ளப் பாலிசி, எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்து நின்றன.

"கூரையைப் பாருக்கா. டார்ச் அடிச்சுப் பாரு. ஓடு ஏதாச்சும் நகர்ந்திருக்கா?"

வாக்கர் தண்ணீரில் நகர்கிற சத்தம் கேட்டது. அவளுக்கு மூச்சு வாங்கியது. "மேல தடதடன்னு சத்தம் கேக்குது. யாரோ ஓடுற மாதிரி."

"ஓடு பறக்கிற சத்தமா?"

"எனக்கு எப்படிடா தெரியும்? யாரையாச்சும் அனுப்பு. போலீசுக்குப் போன் போடு. அந்தத் தகட்டை உடைச்சாப் போதும், நான் எப்படியாச்சும் வெளிய வந்துருவேன்."

மீட்புப் படைக்கு ஏன் போன் செய்யவில்லை என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொல்லவில்லை. அவர்கள் வந்தால் தகட்டை உடைப்பார்கள். அந்தத் திறப்பு வழியாகக் காற்று போகும். அப்புறம் கூரை தானாகப் போனதா, அவர்கள் திறந்ததால் போனதா என்று எவன் சொல்வது? தவிர, தண்ணீர் வடிந்துவிடும் என்றுதான் நம்பினேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்ததே கிடையாது என்று முன்பே சொன்னேன்.

"அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லு. இது ரொம்ப முக்கியம். முதல்ல தண்ணி மேலேருந்துதானே வந்துச்சு?"

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"ஏன்டா, மேலேருந்து வந்தாத்தான் குடுப்பானுங்களா?"

"ஆமா."

"சரி. மேலேருந்துதான் வந்துச்சு. எழுதிக்கோ." கொஞ்சம் பொறுத்து, "வந்துருவேல்ல?" என்றாள்.

வந்துவிடுவேன் என்றேன். உள்ளே வந்தபோது மனைவி யார் என்று கேட்டாள். அக்காதான், முகாமில் நன்றாக இருக்கிறாளாம் என்றேன்.

மறுநாள் பாலத்தைத் திறந்ததும் முதல் ஆளாகப் போனேன். தெருவில் இன்னும் யாரும் திரும்பியிருக்கவில்லை. எல்லாத் தகடுகளையும் நானே கழற்றி அடுக்கி வைத்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அக்கா சமையலறையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளை அந்தக் கோலத்தில் பார்த்து நான் அழுதேன், அது நடிப்பு என்று யாரும் சொல்ல வேண்டாம். வாக்கரின் ஒரு கால் மடங்கியிருந்தது. வந்தவர்களிடம், எவ்வளவு கூப்பிட்டும் வீட்டை விட்டு வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள் என்றேன். புயலில் இப்படிப் போகிற வயசானவர்கள் உண்டு. யாரும் மேலே எதுவும் கேட்கவில்லை. தையற்காரர் மட்டும் வந்து நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி அன்றைக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போனவள், இன்னும் வரவில்லை.

சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் சின்ன வயசுப் பெண். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளந்தாள். என் தோள் உயரம். "வெள்ளம் சார், இது காத்து இல்ல" என்றாள். நான் விடவில்லை. பின்பக்கம் பறந்திருந்த ஓடுகளைக் காட்டினேன். சமையலறைத் தகட்டையும் காட்டினேன். அதில் சின்னச் சின்னப் புடைப்புகள், கீழ்ப்பாதி முழுக்க. காற்றில் ஏதோ பறந்து வந்து அடித்திருக்கிறது, இதைக் காற்றுச் சேதத்தில் சேருங்கள் என்றேன். அவள் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் தடவினாள்.

"சார், வெளியேருந்து அடிச்சா உள் பக்கமாத்தானே குழியும்? இது வெளிப்பக்கமாப் புடைச்சிருக்கு. உள்ளேருந்து யாரோ இடிச்சிருக்காங்க." அப்புறம் மெல்லக் கேட்டாள். "அவங்க உள்ள இருந்தப்ப இந்தத் தகடு மாட்டித்தான் இருந்துச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் வெளியே போய் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்துவிட்டாள். கெட்டிக்காரி. ஒப்பந்தம் படிக்கிற வேலைக்கு வந்திருந்தால் நன்றாக வந்திருப்பாள்.

இப்போது என் வக்கீல் என்ன சொல்கிறார் தெரியுமா? லைன் சரியாகக் கேட்கவில்லை, அக்கா முகாமில் இருந்துதான் பேசுகிறாள் என்று நினைத்தேன், தகடு மாட்டும்போது அவள் உள்ளே இருந்தது தெரியாது, அப்படிச் சொல்லுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். நல்ல மனுஷன்தான். ஆனால் பாலிசியைப் படிக்காதவர். அவர் சொல்கிறபடி சொன்னால் என்ன ஆகும்? அன்றைக்கு வீட்டில் ஆள் இருந்தது எனக்கே தெரியாது என்று ஆகும். தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்தவள் ஒருத்தி, அவள் சொன்னதைக் கேட்டவன் ஒருவன். அந்த ஒருவனே கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் அக்கா அந்த இருட்டில் நின்றுகொண்டு சொன்னதற்கு என்ன மரியாதை? அவள் சொன்னதை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் அந்த மற்ற அழைப்புகள். முதல் அழைப்புக்குப் பிறகு அவள் ஏழெட்டுத் தடவை கூப்பிட்டிருக்கிறாள், நான் எடுக்கவில்லை என்கிறீர்கள். எடுக்கவில்லை, நிஜம்தான். போன் என் கையில்தான் இருந்தது. அவள் பயத்தில் இருந்தாள். பயத்தில் இருப்பவர்கள் சொன்னதை மாற்றிச் சொல்வார்கள். மாற்றிச் சொன்னால் முதலில் சொன்னதும் செல்லாமல் போய்விடும். கடைசித் தடவை அடித்து நிற்கும்வரை திரையில் அவள் பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே தெளிவாகவே எழுதிக்கொள்ளுங்கள். அக்கா உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்துதான் கதவை வெளியிலிருந்து அடைத்தேன். தேடி வந்தவர்களிடம் இல்லை என்று சொன்னதும் நான்தான். தண்ணீர் ஏறிய பிறகும் அவள் அங்கே இருப்பது எனக்குத் தெரியும், நான் யாரையும் அனுப்பவில்லை. கீழேருந்து என்று அவள் முதலில் சொன்னது பதற்றத்தில் சொன்னது, அதை எழுத வேண்டாம். யோசித்துச் சொன்னது இரண்டாவதுதான். தண்ணீர் மேலிருந்து வந்தது என்றாள். என் அக்கா என்னிடம் ஒருநாளும் பொய் சொன்னவள் இல்லை.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கம்பெனிக்கு அனுப்ப எனக்கு இதில் ஒரு பிரதி வேண்டும்.